வற்கடக் காலத்துச் சோழநாட்டுச் சிற்றூர்களும் திருக்கோயில்களும்

சிவமயம்

காவிரி பாயும் சோழநாடு சோற்று வளத்தாற் பெயர் பெற்றதென்பது யாவரும் அறிந்ததொன்று. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 274 எனக் கொள்ளும் வழக்கின்படி, காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127, ஆக 190 தலங்கள் இந்நாட்டிலேயே அமைந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலன இன்றும் சிற்றூர்களே. வயலும் வாய்க்காலும் சூழ, நடுவண் திருக்கோயிலும் அதன் மருங்கே திருக்குளமும் விளங்கும் அவ்வூர்களைக் காண்போர், அந்நாட்டிற் பசி என்பதே இருந்ததில்லை என்றும், ஊரும் கோயிலும் எஞ்ஞான்றும் ஒன்றையொன்று வாழ்வித்தே வந்தன என்றும் கருதுதல் இயல்பு. அக்கருத்து ஒருபுடை உண்மையே. ஆயினும், திருத்தொண்டர் புராணமும் கல்வெட்டுக்களும் அந்நாட்டை வருத்திய வற்கடங்களையும் மறையாது கூறுகின்றன. மழையும் ஆற்று நீரும் தவறாத காலத்தில் ஊரும் கோயிலும் இருந்த நிலையை அறிதல் எளிது. அவை தவறிய காலத்திற் கோயிற் பண்டாரத்து நெல் யாருக்கு உரியதாயிற்று என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் ஊரின் அமைப்பை நோக்குவோம் எனின், அதற்குச் சிறந்த சான்று தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களாம். முதலாம் இராசராச சோழன் (கி. பி. 985 – 1014) எடுப்பித்து, 1010-இல் நிறைவெய்திய அத்திருக்கோயிலுக்குப் பல ஊர்களின் வருவாய் விடப்பட்டது. ஒவ்வோர் ஊரையும் கூறுமிடத்து, அளந்தபடி ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்றும், அதனுள் இறையிலியாக நீக்கப்படுவன இவை என்றும், எஞ்சிய நிலம் செலுத்தும் நெல் இவ்வளவு என்றும் வேலி, மா, காணி, முந்திரிகை என்னும் நுண்ணிய அளவுகளாற் குறிக்கப்படுகின்றன. இங்ஙனம் நீக்கப்பட்ட இடங்களின் வரிசையே அக்காலத்துச் சிற்றூரின் வடிவத்தைக் காட்டுவதாகும். குடியிருப்பாகிய நத்தம், திருக்கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறையர் சேரி, சுடுகாடு ஆகியன அவ்வரிசையில் வருகின்றன. தீண்டாச்சேரி என்னும் பெயரும் அச்சாசனங்களிற் காணப்படுகின்றது. குடிக்கும் நீருக்கும் கோயிலுக்கும் ஊர் ஒன்றே. உறையுளுக்கு மட்டும் ஊர் பலவாகப் பிரிந்து நின்றது என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, கோயிலும் ஊரும் தம்முட் கொண்டிருந்த கொள்வினை கொடுப்பினைகளை நோக்குக. திருக்கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமாயின், அதற்குரிய நெய்யை அளப்பான் வேண்டி 96 ஆடுகள் இடையர்பால் விடப்பட்டன. தஞ்சையில் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களோ 16 எருமைகளோ கொள்ளப்பட்டன. நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டுவதே இடையனுக்குக் கடமை. மிகுந்த பயனும் கன்று குட்டிகளும் அவனுக்கு உரியன. ஆகலின், கருவறையில் எரிந்த ஒவ்வொரு விளக்கின் பின்னும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருந்தது என்க. பொன்னும் அவ்வாறே. தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கப்பட்டன. வட்டி காசொன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அல்லது முக்குறுணி நெல். முதலை ஊரார் தம் தேவைக்குப் பயன்படுத்திக் கொண்டனர். வட்டியாற் பூசையும் திருவிழாவும் நடந்தன. உழவரும் இடையரும் குயவரும் பூத்தொடுப்போரும் பறையறைவோரும் திருப்பதியம் விண்ணப்பிப்போரும் ஆகப் பலரும் இவ்வகையிற் கோயிலைச் சார்ந்து வாழ்ந்தனர். நல்ல காலத்தில் இம்முறை தேர்போல் இனிதின் ஓடிற்று என்பதில் ஐயமில்லை.

நீர் தவறிய காலத்தில் நிகழ்ந்தவற்றுள் முதலாவது திருவீழிமிழலைச் செய்தியாகும். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அத்தலத்தில் எழுந்தருளியிருந்த ஞான்று, மழையின்றி நாடு வற்கடமுற்றது. இறைவன் அவ்விருவர்க்கும் கனவில் தோன்றி, அடியார்களை வாட்டம் தீர்த்தற்பொருட்டு நாள்தோறும் ஒவ்வொரு காசு வைப்பதாக அருளினன். கிழக்குப் பீடத்தில் ஒன்றும் மேற்குப் பீடத்தில் ஒன்றுமாகக் காசுகள் கிடைத்தன. அவற்றைக்கொண்டு இரு திருமடங்களிலும் அமுது அளிக்கப்பட்டது. நாவரசர் மடத்தில் உரிய பொழுதில் அமுது ஆயிற்று. பிள்ளையார் மடத்திலோ காலந்தாழ்ந்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர் என்றும், அரசர் காசுக்கு வாசியில்லை என்றும் அமுது சமைப்போர் கூறினர். இதற்குச் சேக்கிழார் பெருமான் காட்டும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. நாவரசர் கைத்தொண்டு செய்தவர். ஆதலின் அவர் காசு வாசியற்றதாயிற்று என்பதே அது. உழவாரப்படை ஏந்திப் புல் செதுக்கிய கைக்கு, ஞானப்பாலுண்ட திருவாய்க்குங்கூட இல்லாததொரு மதிப்பை இறைவன் அந்நாளில் வைத்தருளினன். பின்னர்ப் பிள்ளையார் பதிகம் பாடி வாசி நீங்கப் பெற்றார். மண்ணிற் பணிசெய்யும் கையின் உழைப்புக்கு ஈண்டுத் திருவருளே சான்று பகர்ந்ததாயிற்று.

இரண்டாவது குண்டையூர்ச் செய்தி. சுந்தரமூர்த்தி நாயனார்க்குத் திருவாரூரிற் படியாக நெல் அனுப்பி வந்த குண்டையூர்க் கிழார், மழை பொய்த்து விளைவு குன்றியமையால் அனுப்ப இயலாது உண்ணாது கிடந்தார். இறைவன் நெல்மலை அளித்தருளினன். அதனைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும் என்று நாயனார் திருக்கோளிலியிற் பதிகம் பாடி வேண்ட, பூதகணங்கள் அந்நெல்லைத் திருவாரூர்த் தெருக்களெல்லாம் நிரப்பின. அப்போது பரவையார் செய்ததே கருதற்பாலது. அவரவர் மனை எல்லையிற் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று முரசு அறைவித்தார். தம்பொருட்டு வந்த நெல் ஊருக்கே உரியதாயிற்று. அதற்குக் கணக்குமில்லை, வட்டியுமில்லை.

மூன்றாவது நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார் வரலாறு. இவ்வாராய்ச்சியில் இவ்வரலாற்றை ஒதுக்கிச் செல்லுதல் நேர்மையாகாது. இந்நாயனார் இறைவன் திருவமுதுக்கென நெல்லைக் கூடுகளிற் சேர்த்து வைத்து, போர்மேற் செல்லுங்கால், அதனைச் சிந்தையாலும் தீண்டலாகாது என்று சுற்றத்தார்க்குத் திருவிரையாக்கலி என்னும் ஆணையிட்டுச் சென்றார். வற்கடம் வந்தது. சுற்றத்தார், உணவின்றி மடிவதினும் இந்நெல்லை இப்போது எடுத்துண்டு பின்னர்த் திருப்பிக் கொடுப்பதே தக்கது என்று கருதி உண்டனர். மீண்டு வந்த நாயனார் அவர் அனைவரையும் பால் பருகும் குழவி ஈறாக வாளுக்கு இரையாக்கினார். சிவத்திரவியத்தின் தூய்மையை உணர்த்த இதனை எடுத்துக்காட்டுவோர் பலர். அது பொருத்தமே. ஆயினும், வரலாற்றின் முடிபை அவர் பெரிதும் கருதுவதில்லை. இறைவன் தோன்றி, நாயனாரின் கைவாளால் மாய்ந்த சுற்றத்தார் பாசம் நீங்கி உயருலகம் எய்தினர் என்றே அருளினன். பசியால் நெல்லை உண்டவரை அவன் புறத்தே தள்ளினானல்லன். ஆணையைக் காத்த வன்றொண்டர்க்கும் அருள். ஆணை கடந்த பசித்தோர்க்கும் அருள். தன் நெல்லின்மேல் இறைவன் காட்டாத கடுமையைப் பிறர் காட்டுதற்கு இவ்வரலாறு இடந்தருவதன்று என்க.

புராணச் செய்திகளைக் கடந்து கல்வெட்டுக்களுக்கு வருங்கால், இருவேறு நிகழ்ச்சிகள் புலப்படுகின்றன. ஒன்று தஞ்சைப் பகுதியிலுள்ள ஆலங்குடியைச் சார்ந்தது. காலம் பொல்லாததாகிக் குடிகள் நலிந்தபோது, ஊரார் அத்திருக்கோயிற் பண்டாரத்திலிருந்த பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்று உயிர் பிழைத்தனர். அதற்கு ஈடாக நிலத்தை இறைவனுக்கு விட்டு, அதன் விளைவு வட்டிக்கு ஆகுமாறு செய்தனர். வீழிமிழலையிற் காசு இலவசமாகக் கிடைத்தது. ஆலங்குடியிற் கடனாகக் கிடைத்தது. எனினும், நெடுங்காலமாக ஊரார் கோயிலில் இட்ட பொன் ஊரார்க்கே இடுக்கட்பொழுதில் உதவிற்று என்னும் அளவில், இஃது ஏற்புடைய செயலேயாம். தனி வணிகன்பாற் சென்றிருப்பின் நிலம் ஊரைவிட்டே போயிருத்தல் கூடும்.

மற்றொன்று திருப்பாம்புரத்துக் கல்வெட்டு. மூன்றாம் குலோத்துங்க சோழன் (கி. பி. 1178 – 1218) ஆட்சியில், 1201-ஆம் ஆண்டில், நெல் காசுக்கு மூன்று நாழியாக விற்ற கொடிய பஞ்சம் நிகழ்ந்தது. வேளாளன் ஒருவன், பசியால் இறவாதிருத்தற்பொருட்டுத் தன்னையும் தன் மகளிர் இருவரையும் 110 காசுக்கு அத்திருக்கோயிலுக்கு அடிமையாக விற்றான். இதுவே அச்சாசனத்தின் செய்தி.

இவ்விலையைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். காசுக்கு மூன்று நாழியாக 110 காசுக்கு நெல் 330 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். ஆகவே, 330 நாழி என்பது 3 கலம் 5 குறுணி 2 நாழியாம். ஆளுக்கு நாளொன்றுக்கு இரு நாழி நெல் என்று கொள்ளின், மூவர்க்கும் 55 நாட்களுக்கே அது போதும். தஞ்சை இராசராசேச்சரத்தில் 400 தளிச்சேரிப் பெண்டுகளுள் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் நிவந்தமாக அளக்கப்பட்டது. அக்கோயிற் கணக்கில் ஒரு காசின் விலை இரு கலம் நெல். அஃதாவது 192 நாழி. இரு காலத்துக் காசும் ஒரே தரத்தன அல்லவாயினும், 192 நாழி எங்கே, மூன்று நாழி எங்கே என்னும் வேற்றுமை பஞ்சத்தின் கொடுமையை உணர்த்தப் போதிய சான்றாம். ஏறத்தாழ மூன்றரைக் கலம் நெல்லுக்கு மூன்று உயிர்கள் விலைப்பட்டன. விற்றவன் உழுகுடியிற் பிறந்தவன். நெல் விளைத்த கையே நெல்லுக்காக விலைப்பட்டது.

திருவீழிமிழலையும் திருப்பாம்புரமும் ஒன்றற்கொன்று அணித்தாய தலங்கள். இரண்டும் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின்கண் உள்ளன. இரண்டும் ஞானசம்பந்தப் பெருமான் பாடல் பெற்றன. ஒன்றிற் பசித்தோர்க்குக் காசு வைக்கப்பட்டது. மற்றொன்றிற் பசித்தோர் காசுக்குக் கொள்ளப்பட்டனர். அன்றியும், வீழிமிழலைச் செய்தியை விரித்துரைத்த திருத்தொண்டர் புராணம் இரண்டாம் குலோத்துங்கன் (கி. பி. 1133 – 1150) காலத்தது. அந்நூல் தோன்றி ஐம்பது அறுபது ஆண்டுகளே கழிந்த பின்னர்த் திருப்பாம்புரத்து விற்பனை நிகழ்ந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

அற்றேல், அடிமை என்பது சைவர்க்கு இழிவோ? நாயன்மார் யாவரும் தம்மை அடியார் என்றும் ஆள் என்றும் கூறிக்கொண்டவர். ஆதலின், கோயிலுக்கு அடிமையாதல் பேறேயன்றிக் குற்றமாகாது எனின், அக்கூற்றுப் பொருந்தாது. என்னை? திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததனை எண்ணுக. ஆங்கும் ஓர் ஆவண ஓலை உண்டு. ஆயின், அவ்வோலையைக் கொண்டு வழக்காட வந்தவன் இறைவனே. சுந்தரர் அதனைப் பற்றிக் கிழித்தார், மறுத்தார், அவையோர் முன்னிலையில் வழக்குரைத்தார், மூலவோலை கண்டு அவையோர் தீர்ப்புக் கூறிய பின்னரே பின்சென்றார். ஆட்கொள்ளப்பட்டவர்க்கு மறுக்கும் உரிமையும், வழக்காடும் அவையும், கிழிக்கும் துணிவும் இருந்தன. திருப்பாம்புரத்து ஓலையிலோ அவற்றுள் ஒன்றுமில்லை. பசியே அதனை எழுதுவித்தது. முன்னையது திருவருள் உயிரைத் தேடி வந்த ஓலை. பின்னையது உயிர் சோற்றைத் தேடிச் சென்ற ஓலை. சொல் ஒன்றாதல் பற்றி இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் மயக்கமேயாம். அன்றியும், அம்மகளிர் இருவரும் தாமே உடன்பட்டனரோ என்பதற்கு அவர் வாய்மொழியாக யாதொன்றும் இல்லை. அவரை விற்றவன் தந்தை.

மற்றொரு சாரார், கோயில் அவரை ஏற்றிராவிடின் அவர் மாண்டிருப்பர். ஆகவே, இது புகலளித்த செயலே என்பர். இதன்கண் உண்மை இல்லாமலில்லை. ஊரில் நெற்கூடுகள் வெறிதானபோதும் கோயிலில் நெல் இருந்தது என்பதும், இறக்கும் நிலையிலிருந்த குடிகளுக்கு அங்கன்றிப் பிறிதொரு வாயில் இல்லை என்பதும் அக்கல்வெட்டாலேயே விளங்கும். விற்றவன் வேறு செல்வர் வாயிலை நாடாது கோயிலை நாடியதும், அங்குச் சிறிது இரக்கம் மிகுதியாகக் கிட்டும் என்னும் நம்பிக்கையாலேயே போலும். ஆயினும், புகல் அளித்தல் வேறு. புகலுக்கு விலை கொள்ளுதல் வேறு. படமாடக் கோயிலுக்கு ஈந்தது நடமாடக் கோயிலாகிய அடியார்க்கு ஆகாது. அடியார்க்கு ஈந்ததோ இறைவனைச் சென்று சாரும் என்பது திருமூலர் துணிபு. அத்துணிபின்படி, அம்மூவர்க்கும் அளந்த நெல் இறைவனுக்கே அளந்ததாம். இறைவனுக்கு அளந்த நெல்லுக்கு ஈடாக ஓலை எழுதி வாங்குதல் எங்ஙனம் பொருந்தும்? கோயிற் கணக்கு அன்று தவறின்றி எழுதப்பட்டது. ஆயினும் அது சைவக் கணக்கு அன்று.

அந்நிகழ்ச்சி ஓரூரில் ஓராண்டில் நிகழ்ந்ததொன்று என்று அமைதல் இயலாமைக்குக் காரணம் உண்டு. உழைக்கும் கை விலைப்படும் வழக்கம் சோழரோடு ஒழிந்திலது. திருநாளைப்போவார் வரலாறே இதற்குச் சான்று கூறும். சேக்கிழார் கூறும் ஆதனூர்த் தொண்டர், தம் தொழிலுக்கென ஊரார் விட்ட நிலத்தின் விளைவால் வாழ்ந்து, திருக்கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தவர். அவ்வரலாற்றில் அவரை அடக்கியாளும் பண்ணைத் தலைவர் எவருமிலர். 19-ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய கீர்த்தனையிலோ அவர் பண்ணையாள் ஆகின்றார். விடை கொடுக்க மறுக்கும் வேதியர் ஒருவர் நிலத்தலைவராகத் தோன்றுகின்றார். பாரதியார் தம் காலத்துத் தஞ்சை நாட்டிற் கண்ட பண்ணை வாழ்க்கையையே பழைய வரலாற்றின்மேல் ஏற்றினர் எனக் கொள்ளுதல் தகும். புராணத்தில் இல்லாத தளை நாட்டில் இருந்தமையாற் பாட்டில் வந்து புகுந்தது.

அத்தளை மெல்ல மெல்லவே தளர்ந்தது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏலாதவாறு செய்த சட்டம் 1843-இல் வந்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றுக் காவிரி நீரை முன்னினும் ஒழுங்கு செய்தது; ஆயினும், நீர் ஒழுங்குற்றதுபோற் கூலி ஒழுங்குற்றிலது. சென்னை மாகாணத்திற் கோயிற் கதவுகளை யாவர்க்கும் திறந்த சட்டம் 1947-இல் நிறைவேறிற்று. தஞ்சைக் குத்தகைதாரர்க்கும் பண்ணையாட்களுக்கும் காப்பளித்த சட்டம் 1952-இல் பிறந்தது. இவற்றிற்கெல்லாம் பின்னரும், நெற்கூலி பற்றிய பூசலினால், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் பெரும்பாலும் மகளிரும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசையில் தீக்கிரையாயினர். குண்டையூர் நெல் பூதகணங்களாற் சுமக்கப்பட்ட நிலப்பகுதிக்கு அவ்வூர் சேய்த்தன்று. அந்நெல்லைத் தெருவெங்கும் கிடத்தி, மனைதோறும் எடுத்துக்கொள்க என்று பரவையார் அறைவித்த முரசின் ஒலி அந்நிலத்தோர் செவியிற் பதிந்திருக்குமாயின், மரக்கால் நெல்லின் பொருட்டு அக்கொடுமை நிகழ்ந்திராது.

இக்காலத்துக் காவிரிப் படுகையில் திருக்கோயில்களுக்கும் சைவ ஆதீனங்களுக்கும் நன்செய் நிலங்கள் பல உள்ளன. கோயில் நிலங்கள் குத்தகைக்கு விடப்பட்டு, அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ளன. குத்தகை நெல் வாராமையாற் பூசை குன்றிய கோயில்களும் உண்டு. கோயில் நிலத்தைக் கைப்பற்றிக்கொண்டு இறைவனுக்கு ஒரு படியும் அளவாத செல்வரும் உளர். அவரைக் கோட்புலியார் வரலாற்றால் இடித்துரைத்தல் தக்கதே. அவர் பசியால் உண்டவரல்லர். ஆயின், ஆறு வறண்டு பயிர் கருகிய ஆண்டில் அளக்க இயலாத சிறு குத்தகைக்காரனை அவரோடு ஒன்றாக எண்ணி அவ்வரலாற்றையே அவன்மேல் ஏவுதல் தகாது. அவனுக்குரியது வீழிமிழலை வரலாறு. இவ்விருவரையும் பகுத்தறிதலே கோயிற் பொருளைக் காப்போர்க்கு முதற்கடமையாம்.

திருக்கோயில்களில் அரசினர் 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் பல தலங்களில் நடைபெற்று வருகின்றது. பசித்தோர்க்கு வினாவின்றிச் சோறிடும் அளவில் அது வீழிமிழலை வழிப்பட்டதே. சிற்றூர்க் கோயில்களைச் சார்ந்த சைவ அன்பர்கள் இதனோடு அமையாது, மழை தவறிய ஆண்டில் விதைநெல் உதவுதல், திருக்குளத்தையும் அதற்கு நீர் வரும் வாய்க்காலையும் தூர் வாருதல், அறுவடைக் கூலியைக் குறையாது அளத்தல் ஆகிய மூன்றனையும் திருப்பணியாகவே கொள்ளுதல் வேண்டும். கோபுரத்துக்குச் சுதை பூசுதல் திருப்பணி என்றால், அக்கோபுர நிழலில் நாற்று நடுவோர் வயிற்றை நிரப்புதலும் திருப்பணியே. கைத்தொண்டு செய்தவர் காசுக்கு வாசியில்லை என்று காட்டியருளினன் இறைவன். அவன் பெயரால் நிலம் உடையோரும் நிலம் காப்போரும் உழைக்கும் கைக்கு வாசி கொள்ளாதிருத்தலே திருவீழிமிழலைக்குச் செய்யும் வழிபாடாகும். திருப்பாம்புரத்து ஓலைக்குச் செய்யும் கழுவாயும் அதுவே.

திருச்சிற்றம்பலம்.